களையை விரட்டிய கிண்ணம்

சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், ஏரியின் வடகரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. மடக்கு நாற்காலியோடு வருபவர்கள் ஒரு பக்கம், அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஒரு பக்கம். எல்லாரும் வருவது ஆகாயத்தாமரை ஓடுவதைப் பார்க்க.

ஆமாம், ஓடுவதைத்தான். அந்தக் களை ஏரியை மூடிப் பல மாதம் ஆகிவிட்டது. படகு நகராது, மீன் பிழைக்காது. கொசு மட்டும் குடும்பம் குட்டியோடு செழிப்பாக இருந்தது. அப்பேர்ப்பட்ட களையை ஒரு மனிதர் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியே விரட்டுகிறார் என்றால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

நீர்நேசர் என்று பெயர். தனக்குத் தானே வைத்துக்கொண்டது. வெள்ளை அங்கியில் கரையோரம் நின்று, கண்ணை மூடி, டங்ங்ங் என்று ஒரு தட்டுத் தட்டுவார். "களைக்கும் காது உண்டு!" என்பார். கூட்டம் தன் காதை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளும். சற்று நேரத்தில் களை மெல்ல அசையும், கரையை விட்டு விலகும், தெற்கே நகர்ந்து போகும். தண்ணீர் பளிச்சென்று தெரியும். கைதட்டல் காதைக் கிழிக்கும்.

காலையில் எழுந்து பார்த்தால் களை பழைய இடத்தில் சௌக்கியமாக இருக்கும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ராத்திரியில நீங்க கெட்ட கனவு காணுறீங்க. அது களையைத் திரும்பக் கூப்பிடுது." மறுநாள் ஊரில் பாதிப் பேர், "உண்மையைச் சொல்லு, நேத்து என்ன கனவு கண்டே?" என்று மீதிப் பேரைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

பார்லர் அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. தென்கரையில் பியூட்டி பார்லர் நடத்துவதால் அந்தப் பெயர். அந்தக் கரைக்கு நகர மன்ற உறுப்பினரும் அவள்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவள் கணவர் இரண்டு கரைக்கும் இடையே ஆள் ஏற்றும் படகுக்காரர். களை வந்ததிலிருந்து படகு கவிழ்ந்தபடி கிடந்தது. தூரத்து நகரத்தில் லாரி வைத்திருக்கும் அவருடைய அண்ணன், வேலைக்கு வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்தார். இந்த மாதத்துக்குள் ஏரி திறக்காவிட்டால் கிளம்பிவிடுவதாக மனிதர் சொல்லிவிட்டார். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகத் தேய்த்தாள்.

"களை ஏன் நம்ம கரைக்கே வருது தெரியுமா?" என்றார் அவர் ஒரு நாள். "நம்பிக்கை இல்லாத கரையைத் தேடித்தான் போகுமாம். நீர்நேசரே சொன்னாரு. உன் வாயாலதாம்மா என் படகு இப்படிக் கிடக்கு."

"காத்துங்க அது! மத்தியானத்துக்கு மேல வடக்கேர்ந்து அடிக்குது. பார்லர் கதவைத் திறந்தா வெட்டின முடியெல்லாம் வந்தவங்க வாயில போகுது. ராத்திரி திரும்பி அடிக்குது. அதோட களையும் போகுது, வருது."

"காத்து தானா வருதா? அவரு தட்டினாத்தானே வருது!"

ஊர் நம்பட்டும், தொலையட்டும். தன் வீட்டுக்காரரே பழியைத் தன் தலையில் போடுகிறாரே என்றுதான் அவளுக்கு வலித்தது.

களையெடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. அதை வைத்துக் களை அறுக்கும் இயந்திரப் படகை வாடகைக்கு எடுக்கலாம், மிச்சத்தைக் கையால் பறிக்க ஆள் வைக்கலாம். ஆனால் நகர மன்றத் தலைவருக்குப் பணத்தை நீர்நேசரின் கிண்ணத்துக்கே கொடுத்துவிட ஆசை. இயந்திரம் வந்தால் சத்தம், சேறு, நாற்றம். அறுத்த களையைக் கொட்ட இடம் வேண்டும், இடத்துக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு அலைய வேண்டும். கிண்ணத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தவிர, ஏரி பற்றிய எல்லா ஆய்வையும் மன்றக் கட்டடத்தின் மாடி வராந்தாவிலிருந்து, தேநீர் குடித்தபடி நடத்துவதுதான் அங்கே வழக்கம். தேநீர் வருவது நாலு மணிக்கு. வராந்தா இருப்பது வடகரையில். ஆகவே மன்றத்தின் கண்ணெதிரே களை தினந்தோறும் ஒழிந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒரு நாள் நீர்நேசருக்குக் காய்ச்சல். கிண்ணம் வரவில்லை. களையோ வழக்கம்போலக் கிளம்பித் தெற்கே போய்விட்டது. குட்டு உடைந்தது என்று பார்லர் அக்கா துள்ளிக் குதித்தாள். அவசரப்பட்டுவிட்டாள், பாவம்.

"படுத்த படுக்கையிலேயே விரட்டிட்டாரு! என்ன சக்தி, என்ன சக்தி!" என்றது கூட்டம். மறுநாள் வடகரையில் நெரிசல் இரண்டு மடங்கு.

வாதாடினால் வேலைக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய மன்றம் கூடியது. நீர்நேசர் முன்வரிசையில் புன்னகையோடு அமர்ந்திருந்தார். தலைவர் தீர்மானத்தைக் கையில் எடுத்ததும் பார்லர் அக்கா எழுந்தாள்.

"தலைவரே, இனிமே நான் குறுக்க நிக்கல. ஐயாவுக்கே கொடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் எங்க கரையில வந்து தட்டச் சொல்லுங்க."

"அங்க நம்பிக்கை பத்தாதும்மா" என்றார் நீர்நேசர், பரிவாக.

"அதையும் யோசிச்சிட்டேங்க. நம்புறவங்க அத்தனை பேரும் உங்களோட தென்கரைக்கு வரட்டும். நம்பாதவ நான் ஒருத்தி. நான் வடகரையில வந்து தனியா நிக்கறேன். களை என்னைத் தேடித்தானே வரணும்?"

நீர்நேசர் தொண்டையைச் செருமினார். தண்ணீரில் குளிர்ச்சி அதிகம், கிண்ணத்துக்கு ஓய்வு வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தார். அவருடைய ஆட்கள் விடுவார்களா? "வாங்கய்யா, அந்தம்மா வாயை ஒரேயடியா அடைச்சிடலாம்!" என்று அவர்களே பேருந்து பிடித்து, அவர்களே அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்கு வடகரையில் ஈ காக்கை இல்லை. பார்லர் அக்கா தண்ணீரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாடி வராந்தாவில் தலைவர், கையில் கோப்பை. காலடியில் களை அசையாமல் கிடந்தது. இன்றைக்குப் பார்த்துக் காற்று அடிக்காமல் போனால்? பணமும் போகும், கணவரும் போவார். 'அடிச்சுத் தொலையேன், சனியனே' என்று காற்றை வாய்விட்டே திட்டினாள்.

பின்னாலிருந்து ஒரு வீச்சு வந்து கூந்தல் முகத்தில் விழுந்தது. களை அசைந்தது. அவள் காலடியை விட்டு விலகித் தெற்கே கிளம்பியது.

"அட, போகுதே!" என்று தலைவர் மேலிருந்து கத்தினார். "நீ என்னம்மா பண்ணினே?"

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன், தலைவரே!"

அவர் கோப்பையோடு தடதடவென்று இறங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கைபேசி அடித்தது. தென்கரையிலிருந்து கணவர். தலைவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"ஏம்மா..." குரலில் சுரத்தே இல்லை. "இங்க வருதும்மா. நேரா எங்களைப் பார்த்துத்தான் வருது."

"கிண்ணம் என்னாச்சுங்க?"

"தட்டிக்கிட்டேதான் இருக்காரு. கை வலிக்குதாம்."

பின்னணியில் டங் டங் என்று பதறிய சத்தம். "உங்கள்ல யாரோ ஒருத்தர் நம்பல!" என்று நீர்நேசர் அலறுவது கேட்டது.

"நாங்க எல்லாரும் நம்புறோம்யா!" என்று ஒரு பெரியவர் திருப்பிக் கத்தினார். "நம்பாதவ அங்க நிக்கறா. அவ கரை சுத்தமா இருக்கு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு தென்கரை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் தன் கணவரின் குரலும் இருந்ததைக் கேட்டதும் பார்லர் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீர்நேசரை யாரும் அடிக்கவில்லை. திரும்பும் பேருந்தில் ஏற்றிக்கொண்டார்கள். உட்கார மட்டும் யாரும் இடம் கொடுக்கவில்லை.

பணம் இயந்திரப் படகுக்குப் போனது. தலைவர் பயந்தபடியே சத்தம், சேறு, நாற்றம் எல்லாம் வந்தன. கூடவே தண்ணீரும் வந்தது. அண்ணனிடம் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கணவர் படகை நிமிர்த்தினார். முதல் சவாரியில் பார்லர் அக்காவும் ஏறிக்கொண்டாள். நடு ஏரியில், பக்கத்தில் இருந்தவர் அவளிடம் ரகசியமாகக் குனிந்தார். அன்றைக்கு நீர்நேசருக்குப் பேருந்து பிடித்தவர்களில் ஒருவர்தான்.

"அக்கா, அடுத்த ஊருல ஒருத்தர் குடையைச் சுத்தியே மழையை நிறுத்துறாராம். போய்ப் பார்க்கலாமான்னு இருக்கோம்."

"தாராளமாப் போய்ப் பாருங்க" என்றாள் அவள். "சுத்தும்போது நிக்குதான்னு மட்டும் பார்த்துட்டு ஓடி வந்துடாதீங்க. சுத்தாத அன்னைக்கு மழை நிக்காமலே இருக்கான்னும் பார்த்துட்டு வாங்க."