ஜெனி காருக்குக் கியர்பாக்ஸ் இல்லை என்று சொல்லவும்

இலத்தூர்,
ஜூலை 14

மரியாதைக்குரிய மச்சான் எபனேசர் அவர்களுக்கு, அருமைநாயகம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், ஆனால் நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் போனை அமைத்துக் கொடுத்தவள் நான் பெற்ற மகள் ஜெனி. நான் அதில் தும்மினால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால்தான் பஸ் டிப்போவில் லாக் ஷீட் எழுதிய கையால் உங்களுக்கு எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற தாய்மாமன் நீங்கள். உங்கள் வார்த்தையை அவள் தட்டமாட்டாள். என் வார்த்தையை அவள் எல்.கே.ஜி.யிலேயே தட்டிவிட்டாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னால்தான் எனக்கு மேற்கொண்டு எழுத வரும். பிப்ரவரி மாதம் உங்கள் ஊருக்கு வெளியே அந்தப் பழைய ஓடுதளத்தில், நானூறு மீட்டர் நேர்ப்பாதைப் பந்தயத்துக்கு அவள் காரில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பச்சை விளக்கு விழுந்ததும் க்ளட்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நகரவில்லை, வெடித்தது. க்ளட்ச் தட்டு துண்டு துண்டாகச் சிதறி, ஒரு துண்டு காரின் தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஓடி வந்தீர்கள். அவள் கண் விழித்ததும் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்பதுதான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பந்தயத்துக்கு முன்னால் ஒரு தாள் கொடுத்தார்கள், ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு நடத்துகிறவர்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான் என்று. சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். உங்கள் தங்கை சுகிர்தம் அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஐந்து மாதமாகச் சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். "குளிக்கிறவுக குளிக்கலாம், தண்ணி சுட்டுருச்சு." சுவரும் நானும் தலையாட்டுவோம்.

முப்பத்திரண்டு வருடம் செங்கோட்டையிலிருந்து புளியரை வளைவுகளில் பஸ் ஏற்றி இறக்கியவன் நான். எங்கள் பஸ் இன்ஜினுக்கு நூற்றிருபது குதிரை சக்தி. அது அறுபது பேரையும் அவர்களின் வாழைத்தார்களையும் மலைமேல் ஏற்றிவிடும். இவள் காருக்கு நானூற்று எண்பது குதிரை, ஏறுவது ஒரே ஆள். கால் போனதும் நான் அழுதேன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அழுகைக்கு நடுவில் ஒரு ஓரமாக, க்ளட்ச் மிதிக்கிற கால் போய்விட்டதே, இனி இந்தப் பேய்வண்டிக்கு வேலையில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போதகரிடம்கூட இல்லை. செயற்கைக்கால் பொருத்தி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் சொன்னாள், "அப்பா, வலது கால் இருக்குல்லா? ஆட்டோமேட்டிக்குக்கு அது போதும்பா."

தென்காசி மெக்கானிக் நாசரைப் பிடித்தாள். அவன் கேரளாவில் நொறுங்கிப் போன ஏதோ சொகுசுக் காரிலிருந்து ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தான். க்ளட்சுக்குப் பதிலாக இன்ஜினையும் கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கிற கன்வெர்ட்டர் என்ற உருண்டை ஒன்று உண்டே, அதைப் பந்தயத்துக்கு ஏற்றதாக மாற்றினார்கள். அதாவது இன்ஜின் நாலாயிரம் சுற்றுக்குப் போகிறவரை அது வழுக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல்தான் பிடிக்கும். "கிளம்பும்போது சும்மா கல்லெறிஞ்ச மாதிரி போவும் அண்ணாச்சி" என்றான் நாசர். சரிடே, கடைக்குப் போகும்போது எப்படிப் போகும் என்று கேட்டேன். அவன் ஸ்பானரைத் தேடப் போய்விட்டான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாரல் நன்றாக விழுகிற சமயம், ஐந்தருவி ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சீசன் சனிக்கிழமை அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நாற்பது வேன், ஒவ்வொன்றிலும் தலையில் எண்ணெய் வைத்துத் துண்டு கட்டிய பத்துப் பேர். மிதித்தால் கார் நகராது, உறுமும். இன்னும் மிதித்தால் திடீரென்று நாலடி பாய்ந்து முன் வேனின் முதுகை முத்தமிடப் போகும், பிரேக் போடுவாள். உறுமல், பாய்ச்சல், பிரேக் என்று முக்கால் மணி நேரம். வழுக்கி வழுக்கி உள்ளே இருந்த எண்ணெய் கொதித்து, ரம்புட்டான் கடைக்கு எதிரே குபீரென்று பொங்கி ரோட்டில் கொட்டியது. ஆட்டோமேட்டிக் எண்ணெயின் நிறம் சிவப்பு என்பது உங்களுக்குத் தொழில், எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து காலை வைத்தேன், என் மகளின் காருக்கு அடியிலிருந்து சிவப்பாக ஓடி வருகிறது. ஓடுதளத்தில் பார்த்தது போலவே.

நான் மயங்கி விழுந்துவிட்டேன். பிறகு நடந்தது ஜெனி சொல்லிக் கேட்டது. ரம்புட்டான் விற்கிற ஆச்சி, "ஐயையோ, வண்டிக்கு அடியில ஆளு சிக்கிட்டாம்யா!" என்று கத்த, துண்டு கட்டியவர்கள் இருபது பேர் ஓடி வந்து, "தூக்குலே, அந்தப் பக்கம் பிடிலே" என்று காரைத் தூக்கியே விட்டார்கள். ஆள் இல்லை. என்னைப் பார்க்க அவசரமாக இறங்கிய ஜெனிக்குச் செயற்கைக்கால் பெடலில் மாட்டிக் கழன்று, செருப்போடு அந்தச் சிவப்பில் போய் விழுந்தது. அதைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் மோசமாக அலறியது. டிராபிக்கில் நின்ற மாரிராஜ் என்ற போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்து, "பாடி எங்க? காலு மட்டுந்தான் கெடக்கு!" என்று கேட்டிருக்கிறார். இவள் கதவைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றபடி, "அது என் காலுதான் சார், எடுத்துத் தாங்க" என்றிருக்கிறாள். அந்த மனுஷன் அதை எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாராம். அவர் கண் கலங்கியிருந்ததாம். எனக்குத் தலையில் நாலு தையல். அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், "நம் சகோதரர் அருமைநாயகத்தின் கியர்பாக்ஸுக்காக ஜெபிப்போம்" என்றார். சபை முழுவதும் அது என் உடம்பில் ஏதோ உறுப்பு என்று நினைத்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தது.

வீட்டுக்கு வந்ததும் காரை ஷெட்டில் தள்ளிப் பூட்டி, சாவியை ஒளித்துவிட்டேன். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. காற்றாலை ஆபீசுக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

இதில் என் குற்றமும் உண்டு. சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வைத்திருந்தாள். ஐந்தருவி ரோட்டில் வெந்துபோன கியர்பாக்ஸுக்குப் பதிலாக மூன்று கியர் உள்ள பழைய மாடல் பெட்டியா, நாலு கியர் உள்ளதா என்று. நான் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. தையல் போட்ட தலையோடு நாசரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் வெளியே வந்தது. மூன்று கியர் இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் மேல் கியர் இல்லாமல் மதுரை ரோட்டில் இன்ஜின் கத்திக்கொண்டே போகும், நாலாவது இருந்தால் ரோட்டுக்கு அமைதி, ஆனால் உள்ளே தட்டுகளைப் பலப்படுத்த வேண்டும், கன்வெர்ட்டர் இவ்வளவு வழுக்கக் கூடாது, எண்ணெயை ஆற்ற முன்னால் தனியாக ஒரு கூலர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். "அப்பா, நீங்க சொல்லுதது சரிதான்பா" என்று அவள் எழுதிக்கொண்டாள். இரண்டு மணி நேரம், மச்சான். பிப்ரவரிக்குப் பிறகு அவள் அவ்வளவு பேசியது அன்றுதான். எழுந்து கை கழுவும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் உங்களிடம் கேட்பாள். நானூற்று எண்பது குதிரையைத் தாங்குகிற ஆட்டோமேட்டிக் இந்தியாவில் இல்லை, வெளியே இருந்தும் வராது, வந்தாலும் அந்தக் காரில் உட்காராது என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்ல மனம் வராவிட்டால் என் பேரில் சொல்லுங்கள். அந்தப் பாவத்துக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும் கடையையும் காப்பாராக, என் வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அருமைநாயகம்

பி.கு.: கவரை ஒட்டச் சொல்லி சுகிர்தத்திடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுச் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மேசையில பேசுனதக் கேட்டு எங்க அண்ணங்கிட்ட நான் போன வாரமே சொல்லியாச்சு. நாலு கியர் பெட்டி தென்காசி பார்சல் ஆபீசுக்கு வந்து ரெண்டு நாளாச்சு. போய் எடுத்துட்டு வாங்க."

"ஏட்டி, அந்தக் காரைக் கொளுத்தணும்னு சொன்னவ நீதான?"

"சொன்னேன். ஆஸ்பத்திரியில கூட அவ மொகம் இப்படிச் செத்துப் போயிருக்கல. நீங்க ஷெட்டப் பூட்டுன அன்னைக்குத்தான் செத்துச்சு. எனக்கு அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

இப்போதுதான் பெட்டியை இறக்கிவிட்டு வந்தேன். நாசரும் நானும் தூக்கினோம். நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். பெட்டி வெடித்தாலும் துண்டுகள் மேலே வராமல் தடுக்கிற கவசம் ஒன்று விற்கிறார்களாம், அதில் இருப்பதிலேயே கனமானதைப் பார்த்து உடனே அனுப்புங்கள். காரின் தரைக்கும் அவள் வலது காலுக்கும் நடுவில் அதை நானே என் கையால் முடுக்குவேன். இன்னும் ஒரு கால்தான் இருக்கிறது, மச்சான்.