துண்டில் விழுந்த முடி

துண்டைத் தோளிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள் மெல்வா. துண்டு பூராவும் முடி. முழுசாக உதிர்ந்த முடியென்றால் எல்லாருக்கும் உதிர்வதுதானே என்று விட்டுவிடலாம். இது அப்படியில்லை. குட்டிக் குட்டியாக, சுருண்டு சுருண்டு, நகத்தளவுகூட இல்லாத துணுக்குகள். இவ்வளவும் பாதியில் உடைந்த முடி!

"லின்டன்! கொஞ்சம் இங்க வா, இதைப் பாரு!"

வாசலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் லின்டன் எழுந்து வந்தான். லிமோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். வீடு அளவு இருக்கிற இரும்புப் பெட்டிகளை அலுங்காமல் குலுங்காமல் கப்பலில் இறக்குவான். அப்பேர்ப்பட்ட ஆள் அந்தத் துண்டைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டான்.

"உடையுது லின்டன், என் முடி உடையுது!"

அவன் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்படியா சொல்றே?"

"பின்னே? இது வேற என்னவாம்?"

"அதானே... உடையுது போலத்தான் இருக்கு" என்று முனகிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். பாவம், என் கஷ்டத்தைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை என்று மெல்வா நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சங்கதி வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். மெல்வா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். விளக்கெண்ணெய் வாங்க வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவாள். "காஞ்ச தலையில சீப்பு வைக்காதீங்க. நல்லா நனைச்சு, கண்டிஷனர் தடவி, முதல்ல விரலால சிக்கு எடுக்கணும். நுனியிலேர்ந்து மேல போகணும், மேலேர்ந்து கீழ இழுக்கக் கூடாது. நம்ம சுருட்டை முடி கோவக்காரி, அதட்டினா ஒடிஞ்சிடும். தட்டிக் கொடுத்தா வளரும்." ஊரே கேட்டுத் தலையாட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், அக்கா க்ளோரிஸ். புரூக்ளினில் இருக்கிறாள். வயசுப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து ரசாயன க்ரீம் போட்டு முடியை நேராக்கி நேராக்கி, நெற்றியோரம் இப்போது வழுக்கை தட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தக் க்ரீமை விட்டுத் தொலை என்று மெல்வா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. கடைசியில் மெல்வாவே தன் முடியை ஒட்ட வெட்டிவிட்டு, இயற்கையாக வளர்க்க ஆரம்பித்தாள். அப்போது க்ளோரிஸ் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

"நம்ம குடும்பத்து முடி நிக்காதுடீ. காதுக்குக் கீழ வராது. அது தோளைத் தொடட்டும், அன்னிக்கே நான் என் க்ரீம் டப்பாவைத் தூக்கிக் கடல்ல போடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்போது அந்த முடி, இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடுகிறது. கிறிஸ்துமஸுக்கு க்ளோரிஸ் வருகிறாள். பார்த்துக்கொண்டே இருந்தது போல, அக்டோபர் கார்னிவல் திருவிழா முடிந்த கையோடு முடி உடைய ஆரம்பித்துவிட்டது. அக்காவின் நெற்றியைக் காப்பாற்ற வேறு வழியும் கிடையாது. மெல்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடை முடிந்து வந்து தலைக்குக் குளிப்பது அவள் வழக்கம். குளித்து முடித்து, அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அகலப் பல் சீப்பை எடுத்தால் போதும், துணுக்குகள். சீப்பில் துணுக்கு, வாஷ்பேசின் ஓரத்தில் துணுக்கு.

"பருத்தித் தலையணைதான் காரணம், அது ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும்" என்று முடிவு கட்டி, இரண்டு தலையணைக்கும் மஞ்சள் சாட்டின் உறை வாங்கிப் போட்டாள். ராத்திரி தூங்கும்போது தலைக்கும் ஒரு சாட்டின் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால், வெளிர் மஞ்சள் உறையில் கறுப்புத் துணுக்குகள் பளிச்சென்று தெரிந்தன. பழைய உறையில் இவ்வளவு தெரிந்ததில்லை. அதிலும் லின்டன் தலையணையில்தான் நிறைய இருந்தது.

"பாரு லின்டன், என் முடி உன் தலையணை வரைக்கும் பறந்து வந்திருக்கு. கழுத்தெல்லாம் குத்தியிருக்குமே உனக்கு."

"பரவாயில்ல விடு" என்றான் லின்டன், கழுத்தைச் சொறிந்தபடி. "அனுசரிச்சுக்கறேன்."

எவ்வளவு தங்கமான மனுஷன்! தொப்பி தளர்வாக இருப்பதால்தான் முடி தப்பித்துப் போகிறது என்று, எலாஸ்டிக் இறுக்கமான தொப்பியாகப் பார்த்து வாங்கினாள். அது நெற்றியோர முடியை அழுத்தி அழுத்தி, அங்கே நிஜமாகவே தேய ஆரம்பித்தது.

அடுத்தது பின்னல். பக்கத்து வீட்டு ஒடீலிதான் அவளுக்கு வழக்கமாகப் பின்னிவிடுகிறவள். கைராசிக்காரி என்று தெருவே சொல்லும். அவள் கை பட்டால் மொட்டைத் தலையிலும் நாற்று முளைக்கும் என்பார்கள். மெல்வாவை முன்னால் உட்காரவைத்து, பாதித் தலை பின்னி முடித்த நேரத்தில், மெல்வா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒடீலி, நீ கொஞ்சம் இறுக்கிப் பின்றியோன்னு தோணுது."

கை நின்றது. "என்னக்கா சொன்னீங்க?"

"இல்லடீ, முடி உடையுது. இறுக்கிப் பின்னினா வேர் பலவீனமாயிடும்னு..."

"என் கையாலயா உடையுது? என் கையாலயா? உங்க தலையில கோழி கூடு கட்டற மாதிரி கிடந்த முடியைப் பேசவெச்சதே இந்தக் கைதான்!"

"கோவிச்சுக்காதேடீ..."

"நான் ஏன் கோவிச்சுக்கறேன்? கைராசி இருக்கற ஆளா பார்த்துப் பின்னிக்குங்க." சீப்பு, கிளிப், எண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மெல்வாவின் தலை இடப்பக்கம் அழகான பின்னலும் வலப்பக்கம் காடுமாக நின்றது. திங்கட்கிழமை தலையில் துணி கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

"என்ன மெல்வா, புது ஸ்டைலா?" என்று முதலாளியம்மா கேட்டாள்.

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

அன்று ஒரு பெண் வந்து, "அக்கா, முடி உடையுதுக்கா, என்ன செய்யறது?" என்று கேட்டபோது, மெல்வாவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கேட்டவள் பயந்துபோய், தன் முடிக்கு இனி விமோசனமே இல்லை போலிருக்கிறது என்று எண்ணெய்கூட வாங்காமல் போய்விட்டாள்.

சரி, முடிக்குச் சத்து போதவில்லை, முட்டை போடுவோம் என்று இறங்கினாள் மெல்வா. அளவோடு போட்டிருந்தால் சரி. ஆத்திரக்காரிக்கு அளவு ஏது? வாரம் ஒரு முறை போட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை லின்டன் அடுப்படியில் வந்து நின்றான்.

"மெல்வா, முட்டை எங்கே?"

"என் தலையில."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

அவன் தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் பயறும் மட்டும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். முட்டைச் சத்து ஏறின முடி விறைத்துக்கொண்டு துடைப்பம் மாதிரி நின்றது. வளைத்தால் நறுக்கென்று சத்தம் வந்தது. இது வரை துண்டில்தான் உடைசல் இருந்தது, இப்போது கையிலும் வர ஆரம்பித்தது.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு அநியாயமும் நடந்தது. துண்டில் கிடந்த துணுக்குகளில் சிலது வெள்ளை!

"லின்டன், எனக்கு நரைச்சுடுச்சு!"

"எங்கே, ஒண்ணும் தெரியலையே?"

மெல்வா கண்ணாடி முன்னால் நின்று தலை முழுக்கக் கிளறிப் பார்த்தாள். ஒரு வெள்ளை முடி அகப்படவில்லை. "பார்த்தியா? நரைச்சதெல்லாம்கூட உடைஞ்சு விழுந்துடுச்சு. தலையில ஒண்ணுமே தங்க மாட்டேங்குது."

லின்டனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துத் திரும்பியபோதுதான் மெல்வா கவனித்தாள். "என்ன இது, காதோரம் ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ? இன்னிக்கு ஹ்யூபர்ட் அண்ணன் சலூனுக்குத்தானே போனே?"

"ஆமாமா. அவருக்கும் வயசாச்சு. கை நடுங்குது பாவம்."

"வேற சலூனுக்குத்தான் போயேன்."

"பழகின மனுஷன். விட முடியுமா?"

இவ்வளவு விசுவாசம் உள்ளவனைக் கட்டிக்கொண்டதற்கு மெல்வா மனசுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

டிசம்பரில் க்ளோரிஸ் போன் செய்தாள். "டிக்கெட் போட்டாச்சுடீ. வர்ற ஞாயிறு அங்க இருப்பேன். என் க்ரீம் டப்பாவையும் எடுத்துட்டு வர்றேன், கடல்ல போடறதா, உனக்குத் தர்றதான்னு உன் தலையைப் பார்த்து முடிவு பண்றேன்."

அவள் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "நிஜமா வளர்ந்திருக்கா மெல்வா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் மெல்வாவை அறுத்தது. அக்காவும் உள்ளுக்குள் ஆசைப்படுகிறாள்! போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். விறைத்த நுனி, தேய்ந்த நெற்றியோரம், பறக்கிற துடைப்பம். இதைக் காட்டினால் க்ளோரிஸ் சாகும் வரை அந்தக் க்ரீமை விடமாட்டாள்.

அதைவிட, முழுசாக ஒட்ட வெட்டிவிட்டு, "எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு" என்று நிமிர்ந்து நிற்கலாம். மெல்வா தீர்மானித்துவிட்டாள்.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒடீலி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளிடம் வெட்டிவிடச் சொல்ல முடியாது. "லின்டன், நான் ஹ்யூபர்ட் அண்ணன் கடைக்குப் போய் எல்லாத்தையும் வெட்டிட்டு வந்துடறேன்."

லின்டன் கையில் இருந்த காப்பி சிந்தியது. "ஹ்யூபர்ட் கடைக்கா? வேண்டாம்!"

"ஏன்?"

"உன் முடி மெல்வா... எவ்வளவு ஆசையா வளர்த்தே! வெட்டாதே. அது உடையறது தானா நின்னுடும். எனக்குத் தோணுது, இந்த வாரத்தோட நின்னுடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நம்பிக்கைதான்."

"நம்பிக்கையெல்லாம் தீர்ந்து போச்சு லின்டன்."

"அப்போ... அங்க போகாதே. அவருக்குத்தான் கை நடுங்குதே. வேணும்னா நானே வெட்டி விடறேன்."

"நீயா? உனக்கு எங்கே வெட்டத் தெரியும்?"

"இல்ல... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவன் முகத்தைப் பார்த்து மெல்வாவுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. தன் முடிமேல் புருஷனுக்கு இவ்வளவு பிரியமா! அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, இனி நின்றால் அழுதுவிடுவோம் என்று விறுவிறுவென்று படியிறங்கினாள்.

சலூனில் கூட்டம் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது. ஹ்யூபர்ட் அண்ணன் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, அவள் முடியை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"எதுக்கும்மா வெட்டணும்? வேரெல்லாம் ஜோராத்தானே இருக்கு. நுனிதான் காஞ்சு விறைச்சிருக்கு. ரெண்டு விரக்கடை எடுத்தா சரியாயிடும்."

"இல்லண்ணே, உடையுது. துண்டு பூராத் துணுக்கா விழுது. உங்களுக்குத் தெரியாது."

"தலையில அப்படி ஒண்ணும் தெரியலையே."

"நான் தினம் பார்க்கறேண்ணே. வெட்டுங்க."

"சரி, உன் தலை, உன் இஷ்டம்."

கத்திரி பேச ஆரம்பித்தது. மெல்வா கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் பொத்துப் பொத்தென்று சுருள்கள் விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது, கண்ணாடியில் அவர் கை தெரிந்தது. ஒரு நடுக்கமும் இல்லை.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு லின்டன் சொன்னானே அண்ணே? கை நடுங்குதுன்னு."

"யாரு, லின்டனா சொன்னான்?" அவர் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். மிஷினை எடுத்துப் பின்கழுத்தை ஒழுங்கு செய்தார்.

முடிந்தது. கண்ணாடியில் இருந்த பெண்ணுக்குக் கண் பெரிசாகவும் கழுத்து நீளமாகவும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, க்ளோரிஸிடம் சமாளித்துவிடலாம் என்று மெல்வா பெருமூச்சு விட்டாள். தரையில், அவள் செருப்பைச் சுற்றி, அத்தனை வருஷத்து முடியும் கறுப்பு மேகமாகக் கிடந்தது. நீளமாக, முழுசாக, நுனி மட்டும் விறைத்து.

ஹ்யூபர்ட் அண்ணன் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்:

"வீட்டுக்குப் போனதும் லின்டன்கிட்டச் சொல்லும்மா, கார்னிவல் அன்னிக்கு டாமினோஸ் ஆட்டத்துல நான் ஏமாத்தினேன்னு சண்டை போட்டுட்டுப் போனவன் இன்னிய வரைக்கும் என் கடைப் படி ஏறலை, கோவம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஆனா தெருவுல போறப்ப ஜன்னல் வழியாப் பார்த்தேனே, அப்படி வீட்டுல துண்டைப் போத்திக்கிட்டுத் தன் தலையைத் தானே வெட்டிக்கறதை மட்டும் நிறுத்தச் சொல்லு, காதோரம் பார்க்கச் சகிக்கலை."