பெரியப்பா கொடுத்த நற்சான்று

லிமரிக், அயர்லாந்து.
சனிக்கிழமை, மழை.

கர்த்தருக்குள் மிகுந்த கனத்துக்குரிய பெரியப்பா நேசையன் அவர்களுக்கு, மகள் அக்சா எழுதிக்கொள்வது.

நானும் உங்கள் மாப்பிள்ளை கிளாட்வினும் இங்கே சுகம். உங்கள் சுகத்தையும் பெரியம்மாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காக எழுதினேன். உள்ளபடி சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்கிச் சில நாட்களாகின்றன. கிளாட்வின் நேற்று ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே தூங்கிவிட்டார். காலையில் அதைத் தேடி வீடு முழுவதையும் புரட்டியதும் அவர்தான்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்புவது எதுவும், நான் போனைக் கீழே வைப்பதற்குள் சபை குரூப்பில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் முகமது ரியாஸ் அண்ணன் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, கடிதத்தையும் அவரையே வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கண்ணாடி பீரோ மேல்தான் இருக்கும்.

விஷயம், நோரின் உங்களோடு வீடியோவில் பேசியதைப் பற்றியது. கடைசிவரை அவரை நீங்கள் ‘கலெக்டரம்மா’ என்றே அழைத்ததால் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். அவர் கலெக்டர் இல்லை. தத்தெடுக்க விரும்புகிறவர்களின் வீட்டுக்கு வந்து, இந்த வீட்டில் ஒரு குழந்தை வளரலாமா என்று பார்த்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான், இந்தியாவில் ஒரு இல்லத்தில் எங்களுக்கென்று காட்டப்பட்டிருக்கும் நான்கு வயதுப் பெண் எங்களிடம் வருவாள். மாதக் கடைசிக்குள் அறிக்கை போகவில்லை என்றால் அவளை வேறு வீட்டாருக்குக் காட்டிவிடுவார்கள். அவள் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள். யாரிடமிருந்து காப்பாற்றுகிறாளோ தெரியவில்லை. அதை வெளியே காட்ட எங்களுக்கு அனுமதி இல்லை, அதனால் கேட்காதீர்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு உங்கள் வீட்டில் வளர்ந்தவள் நான் என்பதால், நோரின் உங்களோடு தனியாகப் பேச விரும்பினார். ‘தனியாக’ என்பதை நான் உங்களிடம் எத்தனை முறை சொன்னேன் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். நீங்களோ முந்தின ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக்குறிப்புக் கொடுத்திருக்கிறீர்கள்: பெயர் சொல்ல விரும்பாத, அயர்லாந்தில் இருக்கிற, சகோதரர் நேசையனின் தம்பி மகளுடைய தத்துக் காரியம் வாய்க்க வேண்டும் என்று. பெயரை மறைத்ததற்கு நன்றி. காரியத்துக்காக ஜெபித்தவர்கள், காரியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சபையிலிருந்து எடுத்து வந்தீர்களாம். போனுக்கு முன்னால் ஒரு தட்டில் பால்கோவாவும் மிக்சரும் வைத்தீர்களாம், வந்தவருக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று இருக்கக் கூடாதென்று. நோரினுக்கு உங்கள் நெற்றியும் மிக்சரும்தான் தெரிந்திருக்கின்றன. அறிக்கையில் அவர் அதை எழுதவில்லை, என்னிடம் கேட்டார்.

மற்றதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதீர்கள். மொழிபெயர்க்க நீங்கள் அழைத்து வந்த, ரிட்டயரான ஆங்கில வாத்தியார் ஆவுடையப்பன் சார் அன்றைக்கே எனக்குப் போன் செய்து, “எல்லாம் ஜோரா முடிச்சுட்டோம்மா” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“பிள்ளைக்குக் கோவம் வருமான்னு கேக்காக” என்று அவர் தொடங்கியிருக்கிறார்.

“கோவமா? அது எங்க வம்சத்துலயே கிடையாதுன்னு சொல்லுங்க சார்” என்றீர்கள் நீங்கள்.

பின் வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் அக்கா, “அப்போ போன வாரம் தண்ணி மோட்டார் போட்டதுக்கு என்னைய அந்த ஏச்சு ஏசுனது எந்த வம்சமாம்?” என்று கேட்க, “ஏட்டி, சும்மா இரு, கலெக்டரம்மா பாக்காக” என்று நீங்கள் அதட்ட, அவர் வீட்டுக்காரர் உங்களை அதட்ட, நாற்காலிகள் நகர, இதெல்லாம் என்னவென்று நோரின் கேட்டிருக்கிறார். எல்லாரும் ஒரே குரலாகப் பெண்ணைப் புகழ்கிறார்கள் என்று ஆவுடையப்பன் சார் மொழிபெயர்த்தார்.

அடுத்தது, புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபம் வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி.

“மனஸ்தாபமா? எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா சார் எங்க பிள்ளை. மாப்பிள்ளை நில்லுன்னா நிப்பா, உக்காருன்னா உக்காருவா. அவியகிட்ட கேக்காம வாசப்படி தாண்ட மாட்டா. அடிச்சாக்கூட வாய் தெறக்க மாட்டா. இதை நல்லா அழுத்தி எழுதிக்கிடச் சொல்லுங்க.”

மோட்டார் சண்டையை விட்டுவிட்ட ஆவுடையப்பன் சார் இதில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்தியும் சொல்லியிருக்கிறார்.

பிறகு, பிள்ளை இல்லாத வருத்தத்தை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்டிருக்கிறார் நோரின். அதற்கு நீங்கள், “வருத்தமா? எப்பவும் சிரிச்ச முகம் சார் அவளுக்கு. ஒரு நா கண்கலங்கிப் பாத்ததில்ல” என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்களாம். பெரியம்மா மட்டும் அடுக்களை வாசலிலிருந்து உள்ளே திரும்பிவிட்டார்களாம். வந்தவர்களுக்குக் காபி போடுகிற கவலையில் இருந்திருப்பார்கள்.

பெரியப்பா, நீங்கள் கெட்டது எதுவும் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி யாராவது விசாரித்தால் அது வரன் விசாரணைதான், அதில் குறை சொல்கிறவனை அவன் வீட்டாரே மன்னிக்க மாட்டார்கள். எலினா அக்காவை மகாராஜபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது, பிள்ளைக்குக் காபி குடிக்கிற பழக்கமே இல்லை என்று நீங்கள் எடுத்துவிட்டதில், அக்கா இன்றுவரை மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்று காபி குடிக்கிறாள். ஆனால் நோரின் வரன் பார்க்க வரவில்லை. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சண்டையே வராத வீடு அவர்களுக்குத் தேவையில்லை, அப்படி ஒன்று இருப்பதாக அவர்கள் நம்புவதும் இல்லை. சண்டை போட்ட பிறகு இவர்கள் மறுபடி எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதை உங்களுக்கு முன்பே விளக்கியிருக்க வேண்டும். நான் விளக்கவில்லை, ‘நல்லதாச் சொல்லுங்க’ என்று மட்டும் சொன்னேன். நீங்கள் சொன்னீர்கள்.

பலன் அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையே வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் நோரின் வந்து வாசலில் நின்றார். என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். கிளாட்வினைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அவருக்கு மரியாதை அதிகம். குடைகூட எடுக்காமல் உடனே தோட்டத்துக்குப் போய்விட்டார். போனவர் எங்காவது ஒதுங்கி நின்றிருக்கலாம். உள்ளே என்ன ஆகிறதோ என்ற பதற்றத்தில் ஜன்னலுக்கு நேராக மழையில் நின்று, கண்ணாடி வழியாக எங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வீட்டில் நீ பயமில்லாமல் இருக்கிறாயா?” என்று மெல்லக் கேட்டார். பயப்படுகிறவர் கிளாட்வின்தான் என்று சொன்னேன். நோரின் ஜன்னலைப் பார்த்தார். கிளாட்வின் கையசைத்துச் சிரித்தார். அந்த மழையில் அது சிரிப்பாகத் தெரியவில்லை.

இதற்குள் நீங்கள் அனுப்பிய பெட்டி வேறு. குழந்தை வரும் வீட்டில் மருந்து மாத்திரையெல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பது நோரின் வேலை. அலமாரியைத் திறந்ததும், தங்கச்சாமி மாமாவின் கட்டுத் துணி நெய்யும் யூனிட்டில் சொல்லி நீங்கள் அனுப்பிய பேண்டேஜ் சுருளும் காஸ் துணியும் பொலபொலவென்று அவர் காலில் விழுந்தன. ‘நாலு வயசுப் பிள்ளை, ஓடும், விழும்லா’ என்ற உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போதுமான கட்டுத் துணி, வாய் திறக்காத மனைவி, மழையில் நின்று வேவு பார்க்கும் புருஷன், இவற்றை வரிசையாகப் பார்க்கிறவருக்கு வேறு மாதிரி புரிகிறது. இராஜபாளையத்தில் இது தொழில், சொந்தக்காரர்களுக்கு இதைத்தான் கொடுத்தனுப்புவோம் என்று சொன்னேன். “உங்கள் ஊரில் அத்தனை பேருக்கா அடிபடுகிறது?” என்று கேட்டார்.

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. போகும்போது சொன்னார்: “அக்சா, நீ சொன்ன அக்சா ஒருத்தி, உன் பெரியப்பா சொன்ன அக்சா இன்னொருத்தி. நான் எந்த அக்சாவிடம் குழந்தையைக் கொடுப்பது?” வியாழக்கிழமை உங்களோடு இன்னொரு முறை பேசப் போகிறார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் அவர்கள் அலுவலகத்து ஆள். அதிலும் அதே நற்சான்று கிடைத்தால் அறிக்கை இந்த மாதம் போகாது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன், இன்னொரு முறை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், என்னைப் பற்றிக் கொஞ்சம் கெட்டதாகச் சொல்லுங்கள். எனக்குக் கோபம் வரும் என்று சொல்லுங்கள். எடுத்துக்காட்டுக் கேட்பார். மதுரைக் கல்லூரியில் சேரக் கூடாது என்று நீங்கள் சொன்னதற்கு உங்கள் டிவிஎஸ் வண்டிச் சாவியை நான் கிணற்றில் போட்டதைச் சொல்லுங்கள். சாவி இல்லாததால் நீங்கள் என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்து, என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் அவருக்கு முக்கியம். நானும் கிளாட்வினும் சண்டை போடுவோம், அதில் பெரும்பாலும் குரல் என்னுடையது, சமாதானத்துக்கு ரசம் வைப்பது அவர் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். அவருக்கும் வெட்கமில்லை, நல்ல ரசம்.

இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டு முறை குழந்தை உண்டாகி, தங்காமல் போனது. இரண்டாவது முறை ஐந்து மாதம். உங்களிடம் சொல்லவில்லை. எதையும் உள்ளே வைத்துக்கொள்வது என் சுபாவம், அதோடு தொலைவும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் சிரித்துப் பேசினேன், நீங்களும் மழை பெய்ததா, சபையில் யார் பிரசங்கம் என்று பேசினீர்கள். ஆகவே கண்கலங்கிப் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நோரினிடம் நான் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் மறுபடி கேட்டால், ‘தெரியும், அழுதாள், பிறகு எழுந்தாள்’ என்று மட்டும் சொல்லுங்கள். பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்கள்.

ஆவுடையப்பன் சாருக்கு என் வணக்கம், அவரை வியாழக்கிழமை அழைக்க வேண்டாம். கருத்தம்மாள் அக்காவுக்கு என் அன்பு, முடிந்தால் அவர்கள் மட்டும் இருக்கலாம், உண்மை பேசுகிறார்கள். பெரியம்மாவை ஸ்கேன் எடுக்கத் தென்காசிக்குக் கூட்டிப் போங்கள், தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கர்த்தர் உங்களுக்கு நீடிய ஆயுளையும், வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் குறுகிய பேச்சையும் தருவாராக.

கீழ்ப்படிதலில்லாத (இதையும் நோரினிடம் சொல்லலாம்) மகள்,
அக்சா

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு நோரின் போன் செய்தார், அதனால் கிழித்துத் திறந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை அழைப்பு கிடையாது. நேரம் குறித்துக்கொள்ள அந்த அலுவலக மொழிபெயர்ப்பாளர் நேற்று உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு சபைக் கமிட்டிக்குப் போயிருந்தீர்களாம். பெரியம்மா எடுத்திருக்கிறார்கள். நேரம் கேட்ட ஆளை ஒரு மணி நேரம் விடவில்லை. கிணற்றுச் சாவி முதற்கொண்டு சொல்லி, எனக்கே தெரியாத என் குறைகள் சிலவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் சொன்னதை நோரின் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். பெரியம்மா வாயில் அது எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அப்படியே எழுதுகிறேன்:

“ரெண்டு தடவை பிள்ளை தங்கலம்மா அவளுக்கு. எங்ககிட்ட சொல்லல. சொன்னாத்தான் தெரியுமா? பேசுற சத்தத்துல தெரியாதா? கேட்டா இன்னொருக்க அழணும்லா, அதான் நானும் கேக்கல, இவுகளும் கேக்கல. அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி அதை எப்பிடிச் சொல்லுவாக? பிள்ளை மறைச்சு வச்சதை நாம எதுக்கு வெளிய விடணும்னுதான் சிரிச்ச முகம்னு சொன்னாக. எல்லாரும் போன பொறவு தனியா உக்காந்து அழுதாக. அதையும் எழுதிக்கிடுங்க.”

நோரின் எழுதிக்கொண்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார், அறிக்கை திங்கட்கிழமை போகிறது. ஆகவே மேலே உங்களுக்கு நான் சொன்ன புத்திமதி எதுவும் செல்லாது. வேறு கடிதம் எழுத நேரமில்லை, ரியாஸ் அண்ணன் காரை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறார். வாசித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யுங்கள். எடுத்தவுடன் நான் செத்த நேரம் பேச மாட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள்.