கனகமணி கழுத்தில் ஒரு கிணறு

தீபாவளி லீவு முடிகிற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று தேவாசீர்வாதம் சபதம் எடுத்திருந்தார். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் முழுக்க வெயிலில் ஓடிய உடம்பு. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டுகிற வாரம்தான் அவர் தூங்குகிற வாரம். அதற்கு ஒரே ஆபத்து, மனைவி கனகமணியின் வாய். வருசா வருசம் சரியாக அப்போதுதான், “கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்போமா, கன்னியாகுமரி போவோமா” என்று ஆரம்பிப்பாள்.

இந்த வருசம் அந்த வாய்க்கு விருதுநகர் பஜாரில் ஒரு பூட்டு வாங்கிவிட்டார். சங்கிலியில் தொங்கும் சுண்டைக்காய் அளவு வெள்ளிக் கிணறு. அதற்குள் இறங்கி ஏறுகிற வாளி.

“இது என்னங்க?”

“வெளிநாட்டுல கிணத்துல காசைப் போட்டு வேண்டிக்கிடுவாக. அந்தக் கிணறுதான். நீ வாளியை இறக்கி மனசுக்குள்ள கேட்டாப் போதும்.”

“எங்க ஊரு மல்லாங்கிணத்துல கிணத்துக்குள்ள எது விழுந்தாலும் பாதாளக்கரண்டி போட்டு வெளிய எடுப்போம். இவுக காசைப் போட்டுட்டுக் கும்புடுதாகளா?”

“முக்கியமான விசயத்தைக் கேளு. வேண்டுனதை வாயைத் தெறந்து சொன்னா பலிக்காது.”

“ஒங்ககிட்டகூடவா?”

“என்கிட்ட மூச்சே விடக் கூடாது!”

கனகமணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சங்கிலியைப் போட்டுக்கொண்டு வாளியை இறக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு தனக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவர் தூக்கம் கெட்டது.

படுத்தார். புரண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியை அந்த வீடு கண்டதில்லை. வெடிக்காமல் புகைகிற பட்டாசுக்குப் பக்கத்தில் போகாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுசன், எழுந்து பக்கத்தில் போனார்.

“ஏ கனகம், ஒனக்கு என்னதான் வேணும்?”

“சொன்னா பலிக்காதுன்னீகளே.”

“குழாய் ஒழுகுதே, அதுவா?”

“அதைச் சரிபண்ணாலும் நல்லாத்தான் இருக்கும்.”

சரிபண்ணினார். சிரிப்பு மாறவில்லை.

“பரண் குப்பையா?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. ஏணி கொல்லையில கெடக்கு.”

பரணைச் சுத்தம் செய்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார், மீசைக்கும் சேர்த்து. அவள் வாளியை இறக்குவதும் ஏற்றுவதும் சிரிப்பதுமாகத் திரிந்தாள். லீவு கரைந்துகொண்டிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“கெளம்பு! கன்னியாகுமரிதானே? வா, போவோம்!”

கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவளிடம் கெஞ்சினார். “இப்பமாவது பலிச்சிருச்சா?”

“அது அன்னைக்கே பலிச்சிருச்சுங்க.”

“குழாயில நான் கைவைக்கிறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா. பலிச்ச பெறகு சொல்லலாம்ல? ‘ஒனக்கு என்ன வேணும்னு இந்த மனுசன் ஒரு தடவையாவது கேக்கணும்’னு வேண்டுனேன். அடுப்படி வரைக்கும் வந்து கேட்டீகளே.”

இம்புட்டுத்தானா? தேவாசீர்வாதத்துக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பும் வலித்தது.

“அப்ப குழாய், பரண், வெள்ளை, இந்தக் கன்னியாகுமரி?”

“அதெல்லாம் நீங்களா ஆசைப்பட்டுச் செஞ்சது. நான் ஏன் தடுக்கணும்?”

கனகமணி சுண்டலை அவர் கையில் கொடுத்துவிட்டு வாளியை மறுபடி இறக்கினாள். கண்ணை மூடினாள். சிரித்தாள்.

“இப்ப என்னத்தைக் கேட்ட?” என்று தேவாசீர்வாதத்தின் வாய் தானாகத் திறந்துகொண்டது.