ஒண்டுக்கு வந்த இடுப்பு

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் டேப் நானாவுக்குத் தெரியாமல் எந்த ஆம்பிளையின் வயிறும் பெருத்தது கிடையாது. வீட்டுக்காரிக்குத் தெரிய முதலே அவருக்குத் தெரிந்துவிடும். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது மன்னாரைவிட்டு வெளிக்கிட்டு வந்தவர், பாலாவியில் தையல் கடை வைத்திருந்தார். அளவெடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும், அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

எங்கள் ஆட்களிடம் இடுப்பளவு கேட்டால் இருபது வயதில் சொன்னதையே ஐம்பதிலும் சொல்லுவார்கள். பொய் என்றும் சொல்லமுடியாது. சாரனைக் கட்டுவது வயிற்றுக்குக் கீழே. வயிறு அதற்கு மேலே தன்பாட்டில் வளரும், சாரன் கட்டுகிற இடம் அப்படியே இருக்கும். டேப் நானாவிடம் இந்தக் கதை எடுபடாது.

“சாரன் கட்டுற இடமெல்லாம் இடுப்பு இல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல ஈக்கிதே, அதுதான் இடுப்பு” என்று விரலால் குத்திக் காட்டுவார்.

நாங்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்போம். அவர் டேப்பைச் சுற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல, “நேத்து என்ன கறி?” என்று கேட்பார். “இறால்” என்று வாயைத் திறந்ததும் மூச்சுப் போய்விடும், வயிறு வந்துவிடும். அந்த நொடியில் அளவைப் பிடித்துவிடுவார். ஒரு பொலிஸ்காரரே இதில் மாட்டியிருக்கிறார்.

பிறகு சீட். பின்புறம் எங்கே ஆகப் பெரிதோ, அங்கே சுற்றளவு. இடுப்பைச் சீட்டால் வகுத்து ஒரு கொப்பியில் எழுதுவார். ஏதோ ஒரு மருத்துவ முகாமில் டொக்டர் இப்படி அளந்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாராம். ஆம்பிளைக்குத் தசம் ஒன்பதைத் தாண்டக்கூடாது, பொம்பிளைக்குத் தசம் எட்டு ஐந்து. பேக்கரி முதலாளி கதிரையில் இருந்தால் கதிரை அழும். ஆனால் இடுப்பு நாற்பது, சீட் நாற்பத்தாறு, வகுத்தால் தசம் எட்டு ஏழுதான். டேப் நானா அவரை மரியாதையாக அனுப்பிவைத்தார்.

இன்னொரு வைராக்கியமும் இருந்தது. பழைய களிசானின், அதுதான் காற்சட்டையின், இடுப்பைச் சின்னதாகப் பிடித்துத் தைத்துத் தருவார், பெரிதாகப் பிரித்து விடமாட்டார். பிரித்துவிடச் சொல்லிக் கொண்டுவந்தவன் அப்படியே தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

என் தங்கச்சிக்கு மாம்புரிக் கோயிலில் கலியாணம். புதுக் களிசான் தைக்கப் போனேன். நான் மெலிந்த ஆள், எனக்கென்ன பயம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அளந்தவர் முகம் மாறிவிட்டது.

“இடுப்பும் முப்பத்தாறு, சீட்டும் முப்பத்தாறு. தம்பி, நீங்க ஒண்டுக்கு வந்துட்டீங்க.”

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒண்டுக்கு என்றால் எங்கள் ஊரில் கொல்லைப்பக்கம் ஒதுங்குகிற விசயம்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இல்ல நானா, ஒண்டுக்கெல்லாம் போயிட்டுத்தான் வந்தன்” என்றேன்.

“எத்தனை தரம்?”

“பஸ் ஏற முந்தி ஒருக்கா. இறங்கினதும் தேத்தண்ணிக் கடையில ஒருக்கா. இப்பவும் கொஞ்சம் வருது.”

அந்த இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டேப் நானா சிரிக்கவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அப்படி வைத்ததை நான் முன்பு கண்டதில்லை.

“நான் சொன்ன ஒண்டு கணக்கு. நீங்க சொல்ற ஒண்டு சீனி வருத்தமா ஈக்கும். போய் ரத்தம் பாருங்க. ரிப்போட் இல்லாமக் கத்திரிக்கோல் எடுக்கமாட்டன்.”

“நானா, கலியாணத்துக்குப் பத்து நாள்தான் கிடக்கு. அதோட நான் மெலிஞ்ச ஆள்.”

“கையும் காலும் மெலிவு. சீட்டுல ஈக்கிற கொழுப்பு சும்மா குந்திக்கிட்டு ஈக்கும். வயித்துக் கொழுப்பு ஈரலுக்குப் பக்கத்துல நிண்டு நாச வேலை பார்க்கும். உங்களுக்கு வருத்தம் எண்டு அடிச்சுச் சொல்லல்ல தம்பி. போய்ப் பாருங்க எண்டுதான் சொல்றன்.”

ரிப்போட்டை அவர் மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் காட்டவேண்டும் என்ற கோபத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீனி நோய்தான், இன்னும் பிந்தியிருந்தால் கண்ணுக்கோ காலுக்கோ ஆபத்து என்றார்.

“யார் உங்களை அனுப்பினது?”

“தையல்காரர்” என்றேன். டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

ஆட்டிக் காட்டப் போன கடதாசியை இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, அன்றைக்கே துணியை வெட்டினார். வெட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

“எனக்கொரு நானா ஈந்தார், கூடப்பிறந்தவர். நாலு தரம் களிசானைக் கொண்டுவந்தார், நாலு தரமும் இடுப்பைப் பிரிச்சு விட்டன். சீட்டு அப்பிடியே ஈந்திச்சு. பார்த்துக்கிட்டேதான் தைச்சன் தம்பி. அஞ்சாந்தரம் அவர் வரல்ல.”

அதற்குப் பிறகு அவருடைய வைராக்கியத்தைப் பற்றி நான் பகிடி பண்ணியதில்லை.

டொக்டர் தந்த குளிசை, நடை, சீனியில்லாத தேத்தண்ணி என்று ஒரு வருசம் போனது. அந்தக் கலியாணக் களிசானை இரண்டு தரம் பிடித்துத் தைத்தார். கொப்பியில் ‘ஒண்டு’ இருந்த இடத்துக்குக் கீழே, கடைசியில், தசம் எட்டு ஒன்பது என்று எழுதி, பரீட்சை எழுதியவர் போல மூச்சு விட்டார்.

சண்டை முடிந்து மன்னாரில் அவருடைய காணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். டேப் நானா தையல் மெசினை லொறியில் ஏற்றிவிட்டார். விடைபெறப் போன நான், “உங்கட கணக்கு என்ன நானா?” என்று கேட்டேன்.

“என்னை யாரு அளந்தது?” என்றார்.

டேப்பை அவர் கழுத்திலிருந்து நானே எடுத்தேன். ஒரு மனிதனின் இடுப்பை அளப்பதென்றால் இரண்டு கையாலும் அவரைச் சுற்றிப் பிடிக்கவேண்டும், அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார் மனுசன்.

“நேத்து என்ன கறி?” என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார், மூச்சுப் போய் வயிறு வந்துவிட்டது. எனக்கு டேப்பில் இருந்த இலக்கம் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

“எத்தனை தம்பி?”

“சரியா விழல்ல நானா” என்றேன், கையை எடுக்காமல். “இன்னொருக்கா எடுக்கோணும்.”