ரோலர் கோஸ்டரில் சின்னாத்தாள் வாய் திறந்த படலம்

வாழி சின்னாத்தாள்! நல்லூர் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு முடிசூடா அரசி, நூற்பிசிறுகளுக்குக் கூற்றம், நாளெல்லாம் நின்றே உழைத்து நரம்பு சுருண்ட கெண்டைக்கால்களைத் தூண்களென ஊன்றிய வீரமகள், பனியன் வாங்கும் வெளிநாட்டான் கண்ணுக்குச் சிக்காத எண்ணெய்க் கறையையும் எட்ட நின்றே கண்டு பிடரியைப் பிடித்துத் தூக்கும் கழுகுக்கண்ணாள், வாழி! அவள் போர் பாடப் புகுந்த எம் நாவுக்கு, ஓவர்லாக் மெஷினில் எழுந்தருளிய தேவியே, நடுவில் நூல் அறாமல் துணை நிற்பாயாக!

பகை பிறந்தது ஒரு ஸ்பீக்கரால். கம்பெனிக்கே இருப்பது அது ஒன்றுதான். பழைய பாட்டு ஓடினால்தான் சின்னாத்தாளுக்குக் கால்வலி மறக்கும். குத்துப்பாட்டு ஓடினால்தான் ராஜவேலுக்கு மெஷின் ஓடும். அவன் பனியனின் ஓரங்களை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் டெய்லர், வாய்வீச்சில் வல்லவன். தீம் பார்க்குக்குக் கிளம்பிய கம்பெனி டூர் பஸ் அவிநாசி ரோட்டில் ஏறியதும், மிச்சத் துணியில் தானே தைத்து எல்லோருக்கும் மாட்டிவிட்ட மஞ்சள் டீசர்ட் பளபளக்க எழுந்து, இளஞ்சிங்கமென முழங்கினான்.

"ஏனுங்க்கா, ரோலர் கோஸ்டர்ல முன்சீட்டுல எங்கூட உக்காருவீங்களா? ஆரு மொதல்ல கத்தறாங்களோ அவிங்க தோத்தாங்க. செயிச்சவிங்க பாட்டுத்தான் தீவாளி வரைக்கும் ஓடோணும்!"

"உக்காந்தாப் போச்சு கண்ணு. நீ சோத்தத் திங்காம ஏறு, எம்மேல கக்கிப் போடாத."

பஸ் அதிரச் சிரித்தது. சூப்பர்வைசர் இந்துமதி நடுவராக நியமனம் பெற்றாள்.

அதோ நின்றது அந்த ராட்சதம்! வானத்தின் வயிற்றைக் கிழித்துச் சுருண்ட இரும்புக் குடலோ, ஆதிசேடன் உதறிய நீலச் சட்டையோ எனக் கண்டோர் மயங்க, ஏறினோர் அலற, இறங்கினோர் குடித்த இளநீரை மண்ணுக்கே திருப்பித் தர, அதன் அடியில் சிறுத்தையைப் போலப் பதுங்கியிருந்த வண்டியின் முன்னிருக்கையில் இருவரும் அமர்ந்தனர். இடுப்பில் இரும்புத் தண்டு இறங்கியது. பின்னிருக்கையில் நடுவர் காது தீட்டினாள். சங்கிலி கடகடக்க வண்டி செங்குத்தாய் ஏறிற்று. ராஜவேல் கண்ணை இறுக மூடிக் குலதெய்வங்களை மனசுக்குள் வரிசையாகக் கூப்பிட்டான். சின்னாத்தாளோ கல்லில் அடித்த சிலையென வாய்பூட்டி இருந்தாள். பாதி ஏற்றத்திலேயே வெற்றி அவள் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போது பார்த்தாள்.

ராஜவேலின் டீசர்ட்டில், கை மடிப்பின் ஓரத்தில், காற்றில் ஆடியது ஒரு பிசிறு.

பாராதே என்றது அறிவு. கிள்ளு என்றது கை. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை சட்டையிலேயே கிள்ளி ஏச்சு வாங்கிய கை அது. ரோலர் கோஸ்டருக்கா அடங்கும்? இரு விரல் நீண்டது, பற்றியது, வெடுக்கென இழுத்தது. பிளாட்லாக் தையலுக்கு ஒரு குணம் உண்டு: முடிச்சுப் போடாமல் விட்டிருந்தால், பிடிக்க வேண்டிய முனையைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் மளமளவென்று வந்துவிடும். வந்தது! வண்டி உச்சியைத் தாண்டித் தலைகுப்புறப் பாதாளம் நோக்கிப் பாய்ந்த அந்தக் கணத்தில், முழங்கையைச் சுற்றி மடிப்பு முழுதும் அவிழ்ந்து, மஞ்சள் நூல் கொடியெனப் பறக்க, உலகம் தலைகீழானதை அறியாத சின்னாத்தாள், தையல் தலைகீழானது பொறாது, இடியேறு ஒத்த குரலில் பிளிறினாள்.

"அட நாசமாப் போறவனே, லாக் பண்ணாம உட்டுட்டயாடா! பீஸ் ரிஜக்ட்டு! ரிஜக்ட்டு!"

முதல் சுழலிலும் ரிஜக்ட்டு, இரண்டாம் சுழலிலும் ரிஜக்ட்டு. ராஜவேலோ தாடை பூட்டிக்கொண்டு, கத்தவும் சக்தியற்று, முக்காற் பிணமாகக் கீழே வந்து சேர்ந்தான்.

செக்கிங் படை திரண்டு நியாயம் கேட்டது. "செக்கிங் பார்த்தது கத்துனதாகுமுங்களா?" இந்துமதி தடுமாறினாள். ஒருபுறம் பயமறியாத வீராங்கனை, மறுபுறம் நிற்கமாட்டாமல் கம்பியைக் கட்டிப்பிடித்த வெற்றியாளன். அந்நேரம் சின்னாத்தாள் கையுயர்த்தித் தன் தீர்ப்பைத் தானே உரைத்தாள். ஓட்டைப் பனியனை நல்ல பனியன் என்று ஒருநாளும் பாஸ் பண்ணாதவள் அல்லவா!

"உடுங்க அம்மணி. கத்துனது கத்துனதுதான். பொய்யிப் பேசி நானெதுக்குப் பாட்டுக் கேக்கோணும்?" பிறகு ராஜவேலைப் பார்த்தாள். "ஆனா கண்ணு, நீ தச்சது ரிஜக்ட்டுதான்."

மும்முறை முழங்கின டெய்லர் படையின் விசில்கள். மலையெனச் சாய்ந்தது செக்கிங் குலத்தின் கொடி. தோற்றும் தலை குனியாத அந்த வீரமகளின் புகழ் திசையெட்டும் பரவிற்று.

திங்கட்கிழமையிலிருந்து சின்னாத்தாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செக்கிங் பார்க்கிறாள்.