மாவு மூட்டை முடிச்சு

பழவேற்காடு,
சனிக்கிழமை மத்தியானம்.

சதுரங்கப்பட்டினத்துச் சபைக்கு உபதேசியாராக விளங்கும் மகா கனம் பொருந்திய சம்பந்தி யோவேல் நீலமேகம் அவர்கள் சமுகத்துக்கு, பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் ரொட்டி சுடும் தானியேல் துளசிங்கம் மாவுக் கையைக் கழுவித் துடைத்துக் கும்பிட்டு எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவால் இவ்விடம் நானும், என் மனைவி கஸ்தூரியம்மாளும், மகள் மரியம்மாவும் சுகம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறோம். தங்கள் கோபம் சற்றே தணிய வேண்டும் என்று மத்தியானத்திலும் ஜெபிக்கிறோம்.

தங்கள் கடிதம் வந்தது. நான் ஓய்வுநாளில் சபைக்குப் போகாமல் ஏரியில் மீன் பிடித்தேன் என்றும், அம்மன் கோயிலுக்கு எதிரே நின்று வலையைத் தோளில் வாங்கினேன் என்றும், இனி ஏரியில் கால் வைப்பதில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் தங்கள் மகனுக்கு வேறு இடம் பார்க்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குக் கைகால் ஓடவில்லை. நேற்று கோட்டைக்குச் சுட்ட ரொட்டியில் உப்புப் போட மறந்துவிட்டேன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தங்கள் மகனைவிட நல்ல பிள்ளை எங்களுக்கு எங்கும் கிடைக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகையால் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள்ளுங்கள், நடுவில் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜெபம்தான். தினமும் விடியலில் அடுப்பை மூட்டிவிட்டு, மாவு பொங்கும் வரை முழங்காலில் நின்று, ‘ஆண்டவரே, இன்றைக்கு எனக்கு ஓர் ஊழியம் தாரும், பக்கத்து வீட்டாரை நேசிக்க ஒரு வழி காட்டும்’ என்று கேட்பது என் வழக்கம். இதைச் சொல்லிக் கொடுத்தவரே தாங்கள்தான் என்பதையும் இங்கே பணிவோடு ஞாபகப்படுத்துகிறேன். நான் மனதில் வைத்துக் கேட்டதெல்லாம் சின்ன ஊழியம். வழிப்போக்கனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர், யாராவது விழுந்தால் தூக்கிவிடுவது, இந்த மாதிரி. ஆண்டவர் அளவு தெரியாமல் கொடுத்துவிட்டார். அன்று நான் ஆமென் சொல்லி எழுந்திருக்கிறேன், வாசலில் குப்பம்மாள் நிற்கிறாள். கோட்டைக்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி, எல்லப்பன் மனைவி. எல்லப்பனுக்குக் குளிர்காய்ச்சல், பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பாடு வருகிறது என்று சொல்லி அழுதாள்.

பாடு என்பது தங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது, ஆகவே விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் எறால் அதிகம். அங்கே இஷ்டத்துக்கு வலை போட முடியாது. வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதற்குப் பெயர் பாடு. நம் முறை வரும் நாளில் நம் வீட்டு ஆண்பிள்ளை போய் வலை கட்ட வேண்டும். போகாவிட்டால் முறை போயே போய்விடும், சுற்று முடிந்து மறுபடி வரும் வரை அந்த வீட்டில் உலை கொதிக்காது. கூலிக்கு ஆள் வைக்கவும் கூடாது. எல்லப்பன் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. குப்பம்மாளின் தம்பி லோகநாதன் இருக்கிறான், ஆனால் அவன் வேறு வீடு. அவன் படகில் கோல் ஊன்றலாமாம், வலையைத் தொடக்கூடாதாம். இதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ‘நான் போகிறேன்’ என்று சொல்லிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து படகில் ஏறியதில்லை. தூரத்தில் படகு ஆடுவதைப் பார்த்தாலே நான் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

இனி அம்மன் கோயில் விஷயம். நான் எல்லப்பன் வீட்டு ஆள் இல்லை என்பதால், ஊர்ப் பெரியவர் ஆதிநாராயணன் ஒரு வழி சொன்னார். ஊரார் முன்னால் எல்லப்பன் தன் வலையின் ஒரு முனையை என் தோளில் போட்டு என்னை அண்ணன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஊர் கூடுகிற இடம் கோயிலுக்கு எதிரே இருக்கும் வேப்பமரம். அது என் குற்றமா? நான் கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அது மரியாதை இல்லை என்று ஆதிநாராயணன் என்னைத் திருப்பி நிறுத்தினார். எதிரே பார்த்து நிற்க என் மனசு ஒப்பவில்லை. கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நின்றுகொண்டேன். லோகநாதனைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலில் நடுங்கி வந்த எல்லப்பன் வலையை என் தோளில் போட்டு, “இன்னிலேர்ந்து இவரு என் அண்ணன், என் வூட்டுப் பாடு இவரு பாடு”னு சொன்னான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அம்மனைப் பார்த்து உருகி அழுததாகத் தங்களிடம் யாரோ சொன்னார்களே, அது இந்தத் தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கோட்டைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினேன். ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறேன், இராப்போஜனத்துக்கு அப்பம் சுடுவதும் நான்தான், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மரியம்மாகூட நேற்று, “நைனா, அவங்க வூட்ல ஞாயித்துக்கெழம சோறு ஆக்குவாங்களான்னு ஒரு வார்த்த கேட்டு எழுது”னு சொன்னாள். நான் கேட்கவில்லை, சிறுபிள்ளை சொன்னதைச் சொன்னேன். கோட்டைப் பிரசங்கியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் எறால் என்ற சொல் முழுசாகப் புரியும். போய் வா என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

லோகநாதன் கோல் ஊன்றினான், நான் படகின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடத்துக்குப் போனதும் அவன் கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் வேலை சொன்னான். இங்கே கட்டு, அங்கே கட்டு, அது தலை, இது மடி. மடி என்பது வலையின் பின்பக்கத்துப் பை, எறால் வந்து சேரும் இடம், அதன் வாயைக் கடைசியில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று எப்படியோ கட்டி முடித்தேன். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்க ஆரம்பித்தது. சபையில் ஆராதனை தொடங்கும் நேரம் அதுதான் என்று ஞாபகம் வந்தது. கண்ணை மூடி, கையைக் குவித்து, நம் சபை வழக்கப்படி உரக்க ஜெபிக்க ஆரம்பித்தேன். எங்களுக்குக் கீழே, கடல் பக்கமாக, அடுத்த இடத்தில் பச்சைமுத்து என்பவன் வலை கட்டியிருந்தான். நான் எல்லப்பனுக்காக ஜெபித்து, குப்பம்மாளுக்காக ஜெபித்து, தங்கள் குடும்பத்துக்காகவும் ஜெபித்து, கப்பல்களில் போகிறவர்களுக்காக ஜெபிக்கும்போது அவன் அங்கிருந்து குரல் கொடுத்தான்: “இன்னா அண்ணாத்தே, உங்க சாமிக்கு மெதுவாச் சொன்னா காது கேக்காதா? எறாவுக்கு நல்லாக் கேக்குது.” நியாயம்தான் என்று பட்டது. மிச்சத்தை வாய்க்குள் ஜெபித்தேன். நான் ஜெபத்தில் இத்தனை சத்தம் போடுவது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆண்டவர் கேட்டார், ஐயா. வலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து லோகநாதனுக்கே வாய் பிளந்துவிட்டது. இத்தனை எறால் இந்த வருஷத்தில் யாருக்கும் விழவில்லை, தூக்கு தூக்குனு கத்தினான். நான் ஓடிப் போய் மடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது. முடிச்சு அவிழ்ந்துபோய் அத்தனை எறாலும் என் காலைச் சுற்றி ஓடியது. நான் போட்டது மாவு மூட்டை முடிச்சு. ஓர் இழுப்பில் அவிழ வேண்டும் என்றே போடுகிற முடிச்சு அது. கைக்குப் பழகியதைத்தானே கை செய்யும்? போன எறால் கடலுக்குப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நேராகக் கீழே இருந்த பச்சைமுத்துவின் வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் மடி பூசணிக்காய் போல வீங்குவதை நான் ஈர வேட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மறுபடி வேப்பமரம், மறுபடி நான் நண்டு. என் வலையில் வந்தது என்னுடையது என்று பச்சைமுத்து சாதித்தான். எல்லப்பன் முறையில் விழுந்தது என்று லோகநாதன் சண்டைக்குப் போனான். இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் போல இருந்தது. சமாதானம் பண்ணுகிறவன் பாக்கியவான் ஆயிற்றே என்று நான் நடுவே எழுந்து, எறால் போனால் போகட்டும், நாங்கள் அன்போடு மன்னித்துவிட்டோம், பச்சைமுத்தே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். கூட்டத்தின் பின்னாலிருந்து குப்பம்மாள் எழுந்தாள். “அண்ணாத்தே, உன் அன்ப உன் ரொட்டியில காட்டு, என் எறாவுல காட்டாத”னு சொன்னாள். ஊரே சிரித்தது. எனக்கு நாலு பேர் நடுவில் உரித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், தங்கள் பிரசங்கங்கள் எல்லாவற்றையும் கேட்டும் எனக்குப் புரியாத ஒன்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து என் பங்குக்குக் கிடைக்கும் ரொட்டியில் பாதி எல்லப்பன் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் அதை மீன் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். எல்லப்பன் எழுந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்ட அன்று, என் ரொட்டியை எந்தத் துரை புகழ்ந்தபோதும் வராத சந்தோஷம் எனக்கு வந்தது.

ஆதிநாராயணன் எறாலைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னார். அந்த ஆத்திரம்தான் பச்சைமுத்துவுக்கு. சதுரங்கப்பட்டினத்துக்குக் கருவாடு கொண்டு வந்தபோது தங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்து, இல்லாததையும் பொல்லாததையும் சொன்னவன் அவன்தான் என்று இப்போது தெரிகிறது. போகட்டும். அவனை மன்னித்துவிட்டேன். ஆனால் அவனோடு இனி பேச்சு வார்த்தை கிடையாது. எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவன் வீடு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவேன், அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது.

ஆகையால் தாங்கள் கேட்டபடியே என் கைப்பட எழுதுகிறேன்: தானியேல் துளசிங்கமாகிய நான் இனி ஏரியில் கால் வைப்பதில்லை. படகில் ஏறுவதில்லை. வேப்பமரத்தடியில் நேராகவோ பக்கவாட்டிலோ நிற்பதில்லை. ஓய்வுநாளில் ரொட்டி சுட்டதும் நேரே சபைக்குப் போய் முன்வரிசையில் உட்காருவேன். இது சத்தியம். இதை நம்பி, குறித்த நாளிலேயே கல்யாணத்தை நடத்தித் தரும்படி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்குக் கஸ்தூரியம்மாள் அன்பு சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் வீட்டு மாவுப் பானையும் எண்ணெய்க் கலயமும் ஒருநாளும் குறையாமல் ஆண்டவர் காப்பாராக.

தங்கள் ஊழியன்,
தானியேல் துளசிங்கம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பச்சைமுத்து வந்து நின்றான். நான் சொன்னபடியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கஸ்தூரியம்மாள் திரும்பவில்லை. அவன் வலது கையில் கெளுத்தி மீன் முள் குத்தி, கை நான் பிசைந்த மாவு போல உப்பியிருக்கிறது. அவன் வீட்டிலும் வேறு ஆண்பிள்ளை இல்லை. நாளை அவன் பாடு. நாளை ஞாயிற்றுக்கிழமை. “உன்ன வுட்டா யாரண்ட போவேன் அண்ணாத்தே”னு ஒரே வார்த்தை கேட்டான். தப்பிக்க ஒரு வழி காட்டும்படி கண்ணை மூடி ஜெபித்தேன். காலையில் அடுப்படியில் நான் கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் அவன் வலையையும் தோளில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எனக்கு இரண்டு தம்பிகள். மேலே நான் எழுதியிருக்கும் சத்தியத்தைத் தயவுசெய்து திங்கட்கிழமையிலிருந்து கணக்கில் வைத்துக்கொள்ளவும். திங்கட்கிழமைக்குப் பிறகும் யாராவது வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதைத் தாங்களே எழுதி அனுப்பவும், எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவனும் பச்சைமுத்துதான், கை சரியாகும் வரை அவனுக்கு வேறு வேலை இல்லை. வந்து சேரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பவும், வலது கை உதவாது, பிசைந்து கொடுக்க வேண்டும். கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும் அம்மா என்று மரியம்மாவிடம் சொன்னேன். அவள் நாளைக்கு வேண்டிய கஞ்சிக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். “முடிச்ச மட்டும் ஒழுங்காப் போடு நைனா”னு சொன்னாள். போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.